முன்வாசல் பூட்டு

"இவ்வளவு அழகான வாசலுக்கு யாரும்மா பூட்டுப் போட்டது?"

பழைய கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வந்த அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. நூறு வருஷத்து நூலகம். பதினான்கு கருங்கல் படிகள், ஒரு ஆளால் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். ரசித்துக்கொண்டே ஏறிப்போனால் கதவில் பூட்டு! இறங்கி, கட்டடத்தைச் சுற்றி, சைக்கிளுக்கும் துடைப்பத்துக்கும் நடுவே பின்வாசல் வழியாக வந்து சேர்ந்திருந்தார்.

"சாவி தொலைஞ்சு போச்சு சார்," என்றார் நூலகர் அம்மாள்.

"எப்போ?"

"ஏழு மாசம் இருக்கும்."

"ஏழு மாசமா ஒரு பூட்டை உடைக்க ஆள் கிடைக்கலையா?"

வாசகர்களும் இதையே கேட்டுக் கேட்டு ஓய்ந்து, அவருக்குப் 'பூட்டு மேடம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

"இதை இடிச்சுட்டு கார் நிறுத்த இடம் கேக்குறாங்க, தெரியுமில்ல? பட்டியல்ல சேர்ந்தாதான் பிழைக்கும். வாசலையே மூடி வெச்சா நான் என்னன்னு எழுதுறது? இன்னைக்கே திறங்க. இல்லன்னா என்னை மறந்துடுங்க!"

இருபது வருஷமாக நூலகருக்கு இந்தக் கட்டடம்தான் உலகம்.

அப்போது பின்வாசலில் ஒரே சிரிப்பு. கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். நடுவில் ஒருத்தி சக்கர நாற்காலியில். அரட்டையில் அவள் குரல்தான் ஓங்கியிருந்தது.

"என்ன மேடம், இன்னைக்காவது சாவி கிடைச்சுதா?" என்று கிண்டலடித்துவிட்டு, தோழிகளோடு உள்ளே உருட்டிக்கொண்டு போனாள்.

அவள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நூலகர் வாய் திறந்தார்.

"முதல் நாள் அவளை நாலு பேர் நாற்காலியோட தூக்கிட்டுப் படியேறினாங்க சார். கூனிக்குறுகிப் போயிட்டா. மறுநாள், 'நீ மட்டும் பின்பக்கமா வந்துடு'ன்னு சொன்னோம். அதோட வர்றதையே நிறுத்திட்டா. ஒரு வாரம் பொறுத்துப் பாத்தேன். அப்புறம்தான் சாவி தொலைஞ்சுது. இனிமே எல்லாருக்கும் பின்வாசல்தான்னு அவ வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

அதிகாரி கோப்பைத் திறந்து விறுவிறுவென்று எழுதினார்.

"பட்டியல்ல சேத்துட்டேன்மா. படிக்குப் பக்கத்துல சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவுப் பாதைக்கும் எழுதியிருக்கேன். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க சார்."

"அது கட்டி முடியற வரைக்கும், தயவுசெஞ்சு சாவியைத் தேடாதீங்க."