நன்றிப் பெட்டியில் ஒரு சீட்டு

ஆராதனை மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, போதகர் வாசிக்கவிருந்த நன்றிச் சீட்டுகளில் ஒன்றை உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடினார் சபைச் செயலாளர். தையற்காரம்மா அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார்.

“அக்கா, பெட்டியை மாத்திப் போட்டுட்டீங்க. இது வேண்டுதல் பெட்டிக்குப் போகணும்.”

“சரியான பெட்டிதான் தம்பி.”

“‘என் மகனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, கடவுளுக்கு நன்றி’ன்னு எழுதியிருக்கு. இதை வாசிச்சா உங்க மானம் போயிடும்.”

“எல்லாத்துக்கும் நன்றி சொல்லணும்னு போன வாரம் மைக்ல முழங்குனது நீங்கதானே?”

“அதுக்காக இதுக்குமா? பொண்டாட்டியை அவன்தான் கொன்னான்னு கோர்ட்ல கதவைச் சாத்திக்கிட்டு எவனோ சாட்சி சொல்லியிருக்கான். அவன் வாய் அழுகிப் போகட்டும்னு உங்களுக்காக நாங்க தினமும் ஜெபம் பண்றோம்.”

தையற்காரம்மா சீட்டை வாங்கி, மடிப்பை நீவி, அவர் கையிலேயே திரும்ப வைத்தார்.

“என் மருமக அலறுனது தெருவுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு, அன்னைக்குத் தையல் மெஷினை நிறுத்தாம ஓட்டுனவ நான். உண்மையைச் சொல்ல ஒரு வருஷமா பயம். போன மாசம்தான் கடவுள் தைரியம் கொடுத்தார். அந்தச் சாட்சி நான்தான் தம்பி.”