கேற்றடி அடுப்பு

“உன்ட இடத்துல ஆகிலா மேசையப் போட்டுட்டாள், புள்ள!”

கீழ்வீட்டு சல்மா உம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததும் இதைத்தான் சொன்னாள்.

நஸ்லியாவின் புருஷன் மௌத்தாகி ஒரு கிழமைகூட ஆகவில்லை. வெள்ளைச் சேலையும் கையில் தஸ்பீஹு மணியுமாக அவள் இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் கழிந்து அது முடியும் வரை வாசற்படி தாண்ட முடியாது.

எழுந்து போய் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குடைதான் தெரிந்தது. குடைக்கு அடியிலிருந்து புகை.

மெய்தான். அவளுடைய இடமேதான்.

சாய்ந்தமருதில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய அந்தத் தொடர்மாடிக்கு ‘சுனாமி வீடு’ என்றுதான் பெயர். ஒரு காலத்தில் ஆட்டோக்காரன்கூட உள்ளே வரமாட்டான், மெயின் றோட்டிலேயே இறக்கிவிட்டுப் போவான். வாசல் கேற்றடியில் நஸ்லியா அப்பம் சுடும் தாச்சியை அடுப்பில் ஏற்றிய பிறகுதான் ஊர்ச் சனம் இந்தப் பக்கம் திரும்பியது. அப்பம் தின்ன வந்தவர்களை நம்பி றஸாக் ஆட்டோவை அங்கேயே நிறுத்தினார். பிறகு ஒரு சலூன் வந்தது, போன் றீலோட் கடை வந்தது. எதிர்க் கட்டட ஆகிலாவும் தையல் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். அப்பத்துக்கு வந்த பெண்கள் அபாயா தைக்கவும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ஆகிலாதான் இப்போது...

“அவளுக்குத் தையல் இரிக்கே!” நஸ்லியா ஜன்னல் சீலையை இழுத்து மூடினாள். “அந்த அடுப்ப விட்டா எனக்கு என்ன இரிக்கி, சாச்சி? புள்ளையா குட்டியா?”

“நெஞ்சுல ஈரமில்லாதவள், மகள். நீ இறங்கிப் போறதுக்குள்ள சனம் அவளுக்குப் பழகிரும், பாரு.”

சல்மா உம்மா தினமும் வந்தாள். கஞ்சி கொண்டுவந்தாள், கூடவே கதையும் கொண்டுவந்தாள்.

ஒரு நாள் வாசலில் ஆகிலாவின் குரல் கேட்டது. “நஸ்லியா ராத்தாவோட கொஞ்சம் கதைக்கணும்.”

“அவ படுத்திரிக்கா.” சல்மா உம்மாவே பதில் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

நஸ்லியா படுத்திருக்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஆகிலாவின் போன் வந்தபோதும் எடுக்கவில்லை.

“சரியாச் செஞ்சாய்,” என்று சல்மா உம்மா பாயில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள். “இந்தக் காலத்துல யாவாரம் எல்லாருக்குமா அமையுது? என்ட மருமகனப் பாரு. பெட்டிக்கடை போட வாங்கின பலகையும் தகரமும் படிக்கட்டுக்குக் கீழ கெடந்து கறள் புடிக்குது.”

“பாவம்,” என்றாள் நஸ்லியா.

இத்தா முழுக்க அவள் ஒரு சண்டையைப் பாடமாக்கினாள். அவள் இப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்ல வேண்டும், அதற்கு அவள் அப்படிச் சொன்னால்... தொழுகையில்கூட அது வந்து நின்றது. அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிவிட்டு, தொழுது முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

இத்தா முடிந்தது. மறுநாள் சுபஹு தொழுத கையோடு, புளித்த மா வாளியை ஒரு கையிலும் தாச்சியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

மேசையடியில் நாலைந்து பேர் நின்றார்கள். றஸாக் ஒரு அப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அப்பமா ஆகிலா, செருப்பா?”

“தின்னுங்க றஸாக் காக்கா. நானும் இதத்தானே தின்னுறன்.”

நஸ்லியா வாளியை டொக்கென்று வைத்தாள். “இது ஆர்ட இடம்?”

ஆகிலா நிமிர்ந்தாள். அவள் முகம் கறுக்கும் என்று நஸ்லியா காத்திருந்தாள். அது மலர்ந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்! வந்திட்டீங்களா ராத்தா! புடிங்க உங்கட இடத்த. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இவங்க என்னக் கல்லால எறிஞ்சிருப்பாங்க.”

சொல்லிக்கொண்டே ஏப்ரனை அவிழ்த்து நஸ்லியாவின் இடுப்பில் கட்டிவிட்டாள். அவள் விரல் நுனியெல்லாம் சூட்டுக் கொப்புளம்.

பாடமாக்கியதில் ஒரு சொல்கூட நஸ்லியாவின் வாயில் வரவில்லை. “அப்ப... ஏன் புள்ள மேசையப் போட்டாய்?”

“போடாம? மையத்து எடுத்த மறுநாளே ஒராள் கயிறு புடிச்சு இந்த இடத்த அளந்தார். நான் ஓடி வந்து மேசையப் போட்டுட்டன். அப்பம் இல்லாட்டி சனம் வராது. சனம் வராட்டி என்ட மெஷினுக்கு வேலையில்ல, காக்காட ஆட்டோக்கு ஓட்டமில்ல. பழையபடி சுனாமி வீடுதான். இதச் சொல்லத்தான் வந்தன். நீங்க படுத்திரிந்தீங்க.”

நஸ்லியா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். தாச்சியை அடுப்பில் ஏற்றினாள்.

தாச்சி சூடேறியது. மா சுழன்றது. ஓரம் மொறுமொறுவென்று சிவந்து வந்த முதல் அப்பத்தை ஆகிலாவின் தட்டில் போட்டாள்.

“எனக்கா? காக்கா எவ்வளவு நேரமா நிக்கார்!”

“நீ தின்னு. இத்தின நாளும் உன்ட அப்பத்தத் தின்டவள் நீதானே.”

றஸாக்கின் சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் உரத்துக் கேட்டது.

“அது சரி, இடத்த அளந்த ஆள் ஆரு?” என்று நஸ்லியா கேட்டாள்.

“விடுங்க ராத்தா, முடிஞ்ச கதை,” என்றாள் ஆகிலா.

றஸாக் நாடியால் கீழ்வீட்டுப் படிக்கட்டைக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. சல்மா உம்மா தலையை நீட்டினாள்.

“என்ன மகள், அவள் இடத்த விட்டுட்டாளா?”

“ஓம் சாச்சி.” நஸ்லியா அடுத்த அப்பத்துக்கு மாவை ஊற்றினாள். “அந்தப் பலகையையும் தகரத்தையும் உங்கட மருமகன வேற எங்கயும் கொண்டுபோய் அடிக்கச் சொல்லுங்க.”