எழுபதாயிரம் பேர் கூச்சல்

"பட்டணமா அது? நரகம்! எழுபதாயிரம் பேர் ஒண்ணாக் கூடி ஒரு சின்னப் பையனைப் பார்த்து ஊளையிடுறாங்களே, அவங்க வீட்ல எல்லாம் பிள்ளை குட்டியே கிடையாதா?"

மார்வா காபிக் கெண்டியை மேசையில் 'ணங்'கென்று வைத்தாள். அன்று காலை அவள் சாப்பாட்டுக் கடைக்குள் விஸ்கான்சின் மாநிலத்தில் பாதிப்பேர் இருந்தார்கள். மீதிப்பேர் வெளியே பனியில் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

காரணம், கெல்லன் ஊருக்கு வந்திருந்தான்!

கெல்லன் எங்கள் ஊர்ப் பையன். அமெரிக்கக் கால்பந்தில், பந்தைக் கையால் எறிந்து மொத்த ஆட்டத்தையும் நடத்துகிற குவார்ட்டர்பேக். பள்ளிக்கூடத்து நாளில் அவன் எறிந்த ஒரு பந்து தானியக் கிடங்கைத் தாண்டிப் போய், அடுத்த ஊர்ப் பசு ஒன்றின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து அந்தப் பசு பாலே கொடுக்கவில்லை, நேரே பாலாடைக்கட்டிதான். நம்பாதவர்கள் பசுவிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்டவனை, ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்களுக்காக ஆடப் பட்டணத்து அணி கொத்திக்கொண்டு போனது. போன மாதம் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், பையன் பந்தை எதிரணிக்காரன் கையில் எறிந்துவிட்டான். அதற்குத்தான் அந்த எழுபதாயிரம் பேர் கூச்சல். தொலைக்காட்சியில் பார்த்த எங்களுக்கே காது அடைத்தது.

இப்போது அவனுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பட்டணம் "இங்கேயே இரு" என்கிறது. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற எங்கள் அணியும் "வந்துவிடு" என்கிறது. வந்தால் சொந்த வீட்டில் படுத்து எழுந்து, மைதானத்துக்குப் போய் வரலாம். இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"நம்மகிட்டதான் வருவான்" என்றார் முடி திருத்துகிற டுவைட். "மனுஷனுக்கு நிம்மதின்னு ஒண்ணு வேணாமா? அது பட்டணத்துல எங்க இருக்கு?"

கதவு திறந்தது. கெல்லன்!

கடையே எழுந்து நின்று விசில் அடித்தது. மார்வா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"வா ராசா! இளைச்சுப் போயிட்டியேடா. இனிமே நீ எங்கேயும் போக வேணாம். இங்க உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. நிம்மதியாச் சாப்பிடு!"

பையன் முகம் மலர்ந்தது. "அதுக்குத்தான்க்கா ஓடி வந்தேன். ரெண்டு முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு."

முட்டை வந்தது. கூடவே மார்வாவும் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அந்தக் கடைசிப் பந்து... இடது பக்கம் உங்க ஆள் ஒருத்தன் சும்மா நின்னுட்டிருந்தானே, உன் கண்ணுக்குத் தெரியலையா?"

கெல்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஏய் மார்வா, பையனை விடு!" என்று டுவைட் நாற்காலியோடு நகர்ந்து வந்தார். "தம்பி, குத்தம் சொல்றேன்னு நினைக்காத. எறியறப்ப உன் முழங்கை இறங்குது. என் கையைப் பாரு. முப்பது வருஷமாக் கத்திரி பிடிக்கிறேன், இறங்கியிருக்கா?"

"இறங்கியிருந்தா இந்த ஊர்ல பாதிப்பேருக்குக் காது இருக்காது" என்றார் பாஸ்டர் ஓலின். "கெல்லன், இவங்க சொல்றதைக் காதுல வாங்காத. போன வாரப் பிரசங்கம் முழுக்க உன்னைப் பத்தித்தான். 'அவசரம் ஆத்துமாவுக்குக் கேடு.' தலைப்பு எப்படி?"

"நல்லா... இருக்கு பாஸ்டர்."

"வர்ற வாரமும் உன்னைப் பத்தித்தான்!"

அதற்குள் டுவைட் மேசையையே மைதானமாக்கிவிட்டார். உப்புக் குப்பி எதிரணி, மிளகுக் குப்பி பையனின் அணி. பந்துக்கு எதுவும் கிடைக்காமல், பையன் தட்டிலிருந்த உருளைக்கிழங்குத் துண்டை எடுத்துக்கொண்டார்.

"இங்க பாரு, நீ இந்தப் பக்கம் எறிஞ்சிருக்கணும்!"

"அந்தப் பக்கம்!" என்றாள் மார்வா.

"எறிஞ்சிருக்கவே கூடாது, தூக்கிட்டு ஓடியிருக்கணும்!" என்று ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? வாழ்நாளில் பந்தைக் கையால் தொட்டதில்லை. ஆகவே அதை எறிவதைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை. நானும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

முட்டை ஆறி, விறைத்தே போய்விட்டது.

அப்போது கெல்லனின் கைப்பேசி அடித்தது. "உஷ்! அணிக்காரங்க!" என்றார் டுவைட். கடையே அவன் பக்கம் சாய்ந்தது.

"ஆமா சார்" என்றான் கெல்லன். "முடிவு பண்ணிட்டேன். பட்டணத்துலயே இருந்துக்கிறேன்."

யாரோ கரண்டியைக் கீழே போட்ட சத்தம் மிச்சிகன் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும்.

மார்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏண்டா? அங்க உன்னை மனுஷங்க ஒருத்தராவது திரும்பிப் பார்ப்பாங்களா?"

"பார்க்க மாட்டாங்கக்கா. எதிர்வீட்டு அம்மா என்னை லிஃப்ட் பழுது பார்க்கிறவன்னு நினைச்சிட்டிருக்காங்க. நானும் இல்லைன்னு சொல்லிக்கலை."

"அந்த எழுபதாயிரம் பேர்? அவங்க வாய்க்கு வந்தபடி திட்டினாங்களேடா!"

கெல்லன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் கன்னத்தில் அன்பாக ஒரு முத்தம் கொடுத்தான்.

"ஆமாக்கா. ஆனா அவங்க ஞாயித்துக்கிழமை மட்டும்தான் திட்டுவாங்க."