பொருளாளரின் தீர்ப்பு

"விரல் ஆடுது பாருடா" என்றார் தலைவர்.

ஆடத்தான் செய்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பொருளாளரின் ஆள்காட்டி விரல், அதன் அடியில் இருந்த மிட்டாய் டப்பாவில் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்து, மூச்சு விடத் தொண்டையில் குழாய் பொருத்திய பிறகு, பேச்சும் போய் உடம்பும் மரத்துப்போன மனுஷனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு விரல்தான்.

அவர்களுடைய டிரம்ஸ் ரசிகர் மன்றத்தில் மொத்தமே மூன்று பேர். மூவருக்கும் பதவி உண்டு. கல்லூரியில் தொடங்கிய மன்றம், மூவரும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் கலையாமல் இருந்ததற்குக் காரணம் பாட்டு அல்ல, சண்டை. உலகத்திலேயே பெரிய டிரம்மர் யார் என்பது கேள்வி. தலைவருக்கு, 'இடதுகைக்காரன்' என்று அவர்கள் அழைக்கும் டிரம்மர்; செயலாளருக்குக் 'குட்டையன்'. பொருளாளர் மட்டும் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு டீயை ஊதிக் குடிப்பார். அவர் வாயைத் திறந்திருந்தால் விவகாரம் என்றைக்கோ முடிந்திருக்கும்.

இப்போது வாய்க்கு வழியில்லை. விரல் இருக்கிறதே!

பொருளாளரின் மனைவி, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதற்காக இவர்களை நம்பி உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தாள். பாட்டுப் போடலாமா என்று கேட்டதற்கு நர்ஸும், கதவைச் சாத்திக்கொண்டு தாராளமாகப் போடுங்கள், பாவம் அவருக்கும் பொழுது போக வேண்டாமா என்று சொல்லிவிட்டாள். தலைவர் ஸ்பீக்கரைத் தலையணை ஓரமாக வைத்தார். விரல் மெத்தையில் தட்டினால் யாருக்குக் கேட்கும்? அதனால் கைக்கடியில் கிடந்த, பொத்தான் வைத்த ஏதோ ஒயர் சமாச்சாரத்தை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்த மிட்டாய் டப்பாவைக் கவிழ்த்து வைத்தார். ஒலி விஷயத்தில் அவர் என்றுமே அலட்சியமாக இருந்ததில்லை.

முதல் பாட்டு, இடதுகைக்காரனுடையது. பாதி வரைக்கும் சும்மா கிடந்த விரல், டிரம்ஸ் தனியாகக் கிளம்பிய இடத்தில்தான் தட்ட ஆரம்பித்தது.

செயலாளர் அசரவில்லை. கொசு கடித்தால்கூட விரல் ஆடும், என் ஆளையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசு என்றார். போட்டார்கள். குட்டையன் இரண்டு காலாலும் இடியாக இடிக்க, விரல் இரண்டு மடங்கு வேகத்தில் டப்பாவைப் பிய்த்தது. பொருளாளரின் கண்கள் அகல விரிந்தன. ஓரத்தில் நீர் கோத்து, காதுப் பக்கமாக வழிந்தது.

"அழறான் தலைவரே. உன் ஆளுக்கு எப்பவாவது அழுதிருக்கானா?"

வீட்டில் தலைவர் பாட்டைப் போட்டால் மனைவி மிக்ஸியைப் போடுவாள். மகன் பிறந்தநாளுக்கு இயர்போன் வாங்கிக் கொடுத்ததுகூடப் பாசத்தினால் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆயுளில் ஒரு விஷயத்திலாவது நான் சொன்னதுதான் சரி என்று ஆக வேண்டாமா? ஆக வேண்டிய இடம் இதுதான், இந்த விரல்தான்.

இடதுகைக்காரனின் நிதானமான பாட்டு ஒன்றைத் தேடி எடுத்தார். கடைசி ஆயுதம். தொண்டைக் குழாய் வேறு கரகரத்துக்கொண்டிருந்தது. பழைய இசைத்தட்டு கேட்கிற மாதிரி அதுவும் பாட்டோடு சேர்ந்து நன்றாகத்தான் இருந்தது.

விரலின் வேகம் இறங்கியது. ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு தட்டு.

"கவனி" என்று செயலாளரின் முழங்கையைப் பிடித்தார் தலைவர். "எந்த மடையனும் அடிச்சுடலாம்டா. அடிக்காம விடுறதுலதான் விஷயம் இருக்கு. நடுவுல எவ்வளவு இடம் விடுறான் பார்த்தியா? அப்படியே என் ஆளு."

செயலாளர் பார்த்தார். இடைவெளி நீண்டுகொண்டே போனது. பாட்டின் கடைசித் தாளம் விழுந்தபோது விரல் மெல்ல எழும்பி, டப்பாவைத் தொட்டு, அப்படியே படுத்துக்கொண்டது. இம்மி பிசகவில்லை.

அறையில் ஸ்பீக்கரின் பச்சை விளக்கு மட்டும் மினுக்கியது.

"சரிடா, ஒத்துக்கிறேன். உன் ஆளுதான்" என்றார் செயலாளர். இத்தனை காலத்தில் அவர் தோற்றது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது போல் திரும்பிக்கொண்டார்.

தலைவர் பொருளாளரின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாயேடா, பாவி, என்று உருகினார். கை சில்லென்றிருந்தது. ஏசியைத் திட்டிக்கொண்டே போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்.

நர்ஸ் மருந்துத் தட்டோடு கதவைத் திறந்தாள். தலைவரால் அடக்க முடியவில்லை. முதல் பாட்டில் விரல் எப்படிக் கிளம்பியது, இரண்டாவதில் எப்படிப் பறந்தது, கண்ணீர் எந்த இடத்தில் வழிந்தது, கடைசியில் தட்டுக்குத் தட்டு எவ்வளவு இடம் விட்டது என்று, தன் விரலாலேயே கட்டில் கம்பியில் தட்டிக் காட்டினார். இப்படி ஒரு தாள ஞானத்தை உங்கள் ஆஸ்பத்திரி பார்த்திருக்காது என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த நர்ஸ் போர்வையை விலக்கினாள். பொருளாளரின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. பிறகு ஓரமாகக் கிடந்த ஒயர் பொத்தானைப் பார்த்துவிட்டு, தலைவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"எவ்வளவு நேரமா சார் கூப்பிட்டுக்கிட்டிருந்தார்?"