வியாழன் எட்டரை

துண்டான தலை ஒன்றைக் கையில் ஏந்தியபடி கொளஞ்சிநாதன் அலறினார். "மொத்தம் எத்தன தலைய்யா?"

"எரநூத்திப் பதினாலு, மொதலாளி" என்றார் சூளைக்காரர் மாயவன்.

பிள்ளையாருக்குத் தலை போவது புதிதல்ல. ஆனால் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில், ஒரே சூளையில், இருநூற்றுப் பதினாலு பிள்ளையார்களுக்குப் போனது இதுதான் முதல் தடவை.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற ஜெயஸ்ரீ இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அந்த மின்சாரச் சூளையைக் குறித்த நேரத்தில் தானாகவே தொடங்கி வைக்கும் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. போன வாரம்தான் முதலாளியிடம் சொல்லாமல் அதில் ஒரு வரியை மாற்றியிருந்தாள்.

"மூணு மாசமா ஒரு கீறல் உண்டா?" முதலாளி கத்தினார். " ஜோசியர் குறிச்சுக் குடுத்த நேரம்! வியாழக்கெழம காலைல எட்டரை!"

பக்கத்தில் ஜோசியர் ஜம்புலிங்கம் அடக்கமாகத் தலையாட்டினார். சென்ற மாதம் முதலாளி போர்த்திய சால்வையை, கொளுத்தும் வெயிலிலும் அவர் கழற்றவில்லை. முதலாளி மகளின் கல்யாணப் பத்திரிகை, முகூர்த்த நேரம் மட்டும் காலியாக, மேசைமேல் அவருக்காகக் காத்திருந்தது.

"மொதலாளி, பொம்ம பச்சையா இருந்துது. ஈரத்தோட உள்ள தள்ளி..." மாயவன் ஆரம்பித்தார்.

"சும்மா இருய்யா! நான் நேரத்தப் பத்திப் பேசுறேன், நீ ஈரத்தப் பத்திப் பேசுற."

கொளஞ்சிநாதனின் பார்வை ஜெயஸ்ரீ மேல் வந்து நின்றது. "ஏம்மா, நேரத்துல கை வச்சியா? வச்சிருந்தா இப்பவே கெளம்பு. திங்கக்கெழம வர வேணாம்."

"மாத்தல சார்..." என்றாள் ஜெயஸ்ரீ. "சரி பண்ணேன்."

"என்னத்த?"

"நீங்க சொன்ன எட்டரையத்தான் எழுதி வச்சேன். ஆனா அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் கிரீன்விச் நேரத்துல ஓடிட்டிருந்துது. அதுக்குக் காலைல எட்டரைன்னா, நமக்கு மத்தியானம் ரெண்டு மணி."

"எட்டரைக்கு வாராவாரம் கற்பூரம் காட்டுனேனே!"

"காட்டிட்டு நீங்க கோயிலுக்குப் போயிடுவீங்க சார். சூளை ரெண்டு மணிக்குத்தான் சூடேறும். இந்த வியாழக்கெழமதான் மொதமொதலா ஜோசியர் குறிச்ச எட்டரைக்கு ஓடுச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் மாயவன். "ரெண்டு மணிக்குத்தான சூடேறுதுன்னு, மத்தியானம் வரைக்கும் வெயில்ல நல்லாக் காய வச்சுத் தள்ளுவேன். இந்த வாட்டி ஜெயஸ்ரீ பாப்பா எட்டரைன்னா எட்டரைதான்னு ஒத்தக் கால்ல..."

"அட, வாய மூடுன்னா!"

கொளஞ்சிநாதன் விரல் விட்டு எண்ணினார். ராகுகாலத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிற மனிதர் அவர்.

"ஜோசியரே, வியாழக்கெழம மத்தியானம் ரெண்டு மணின்னா... அது என்னா நேரம்?"

ஜம்புலிங்கம் முதல் தடவையாகச் சால்வையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒன்றரைலேர்ந்து மூணு... ராகுகாலங்க."

ஜெயஸ்ரீ சத்தமில்லாமல் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள். சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சிக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?

"நில்லு" என்றார் கொளஞ்சிநாதன்.

மேசைமேல் இருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். ஜோசியரைத் தாண்டி வந்து, பேனாவோடு அவளிடம் பயபக்தியாக நீட்டினார்.

"முகூர்த்த நேரத்த நீயே குறிச்சுக் குடும்மா!"