முழுப்பேர்

"நான் இருக்கேன். பெரியம்மா மாரியாயி இருக்கா. எங்க தம்பி மக விஜயகலா டீச்சர் இருக்கு. எஹலியகொடயில இருந்து தனுஷன் மாஸ்டர் வந்திருக்காரு. கதவு தெறந்திருக்கு, ஜன்னலும் தெறந்திருக்கு. இனி ஆரம்பிங்க" என்றார் அழகமுத்து, பொதுக்கூட்டத்தைத் தொடக்கி வைப்பவர் போல.

நடந்தது பொதுக்கூட்டம் அல்ல. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் இருவரும் சேர்ந்து ஒரு சுருக்கெழுத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். இரசாயனச் சேர்வைகளின் கட்டமைப்புகளை வரைந்து முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் தீர்ந்துவிடுகிறது. அதற்காகச் சனிக்கிழமைதோறும் தெஹியோவிட்டயில் இந்த வீட்டில் கூடினார்கள்.

அழகமுத்து றப்பர்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பனில்லாத விஜயகலாவை வளர்த்தவர். நாளைக்குக் கஹவத்தையிலிருந்து அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். அதற்குள் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதனால் இரண்டு ஆசிரியர்களுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"கெமிஸ்ட்ரியத் தவிர வேற பேச்சு வரக்கூடாது, மாஸ்டர்."

"சரிங்க ஐயா."

வெள்ளைப் பலகையில் தனுஷன் கையை எடுக்காமல் ஒரே சுழியில் பென்சீன் வளையத்தைப் போட்டார். விஜயகலா அதன் ஓரத்தில் ஒரு கொக்கி போட்டாள்.

"இது என்னம்மா, தேள் கொடுக்கா?"

"அசிட் பெரியப்பா. எழுத்தா எழுதாம கொக்கியா போட்டுட்டா வேகம்."

"றப்பர் பால் ஒறைய ஊத்துற அசிட்தான் எனக்குத் தெரியும். அது மூக்குல ஏறும். இது கண்ணுல ஏறுது."

"நீங்க சும்மா இருங்களேன். படிச்ச புள்ளைங்க ஏதோ செய்யுதுக" என்று அடுப்படியிலிருந்து மாரியாயி குரல் கொடுத்தாள்.

"சும்மா இருக்கவா நாற்காலி போட்டிருக்கேன்?"

தனுஷன் பலகையைத் துடைத்துவிட்டு, எதிரெதிராக இரண்டு வளையங்களை வரைந்தார். நடுவில் இடைவெளி விட்டிருந்தார். பேனையை நீட்டினார்.

"டீச்சர், இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன போடலாம்?"

விஜயகலா பேனையை வாங்கிக்கொண்டு பெரியப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு இடைவெளியில் பாதித் தூரம் மட்டும் ஒரு கோடு இழுத்தாள்.

"இப்போதைக்கு இவ்வளவுதான் சார். ரசாயனத் தாக்கம் முழுசா நடக்க நிபந்தனை சரியா இல்ல."

"நிபந்தனைய மாத்த முடியாதா?"

"என் கையில இல்ல சார்."

அழகமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் கோடு பாதி வழியில நிக்குது?"

"பாதி போட்டா இன்னும் சேரலன்னு அர்த்தம் பெரியப்பா. முழுசா போட்டா சேர்ந்தாச்சு."

"அட, அரைப்பேரு! இத முன்னமே சொன்னா எனக்கு வெளங்கியிருக்குமே!"

தோட்டத்தில் அரைநாள் வேலைக்கு அரைப்பேர், முழுநாளுக்கு முழுப்பேர். அழகமுத்து முப்பது வருடம் சம்பளப் புத்தகத்தில் போட்ட பேர்கள் அவை. இரசாயனவியலில் தமக்குத் தெரிந்த ஒன்று அகப்பட்ட பெருமிதத்தில் எழுந்து நின்றார்.

"நம்ம குடும்பத்துல எவனும் அரைப்பேரு வாங்கினதில்ல தெரியுமா? உங்கப்பன் காய்ச்சலோட மலையேறி முழுப்பேரு வாங்கினவன். அவன் மக அரைப்பேரு போடுறதா? குடு பேனைய!"

"வேண்டாம் பெரியப்பா. போட்டா அப்புறம் அழிக்கக் கூடாது."

"அழிக்கவா? நான் போட்ட பேரைத் தோட்டத்துத் தொரை கூட அழிச்சதில்ல!"

பாதியில் நின்ற கோட்டை மற்ற வளையம் வரை அழுத்தமாக இழுத்துவிட்டார். தனுஷனின் கையிலிருந்த துடைப்பான் கீழே விழுந்தது.

"பார்த்தீங்களா மாஸ்டர்? வேகம்னா இது!"

"ரொம்ப வேகம்ங்க ஐயா" என்றார் தனுஷன். துடைப்பானை எடுத்துத் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலை, மாப்பிள்ளையின் தகப்பனான கஹவத்தைக்காரர் தட்டில் பழத்தோடு வந்து உட்கார்ந்தார். தேநீர் கொண்டுவந்து வைத்த விஜயகலா நிமிர்ந்து சொன்னாள்:

"மன்னிச்சிருங்க மாமா. தனுஷன் சார் என்னைக் கேட்டாரு. நேத்து முடிவாயிருச்சு."

"நேத்தா?" அழகமுத்து குதித்தெழுந்தார். "நேத்து நான் நடுவுல உக்காந்திருந்தேனே! கெமிஸ்ட்ரியத் தவிர ஒரு வார்த்தை வரலையே!"

"வரல பெரியப்பா. அந்த வளையம் அவரு, இந்த வளையம் நான். ஒங்க சம்மதம் இல்லாம முழுசா போடக் கூடாதுன்னுதான் பாதியில நிறுத்தினேன்."

அழகமுத்து பலகையைப் பார்த்தார். கோடு யாராலும் அழிக்கப்படாமல் இருந்தது.

கஹவத்தைக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "காவலுக்கு உக்காந்தவரு தூங்கிட்டாருன்னு நாளைக்கு ஊரே பேசப்போகுது."

பேசத்தான் செய்தது. இன்றைக்கும் அவிசாவளை பஸ்ஸில் யாராவது அப்படிச் சொன்னால், அழகமுத்து இருக்கையிலிருந்து எழுந்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு மறுக்கிறார்:

"பொய். ஒரு கண் கூட அசரல. கண்ணாடியும் போட்டுக்கிட்டு, நானே என் கையால கட்டிவச்சேன்."