எல்லை தாண்டாத மெஷின்

"நீங்களே சொன்னாலும் அது கேக்கக் கூடாதுங்களா சார்?"

"நானே சொன்னாலும் கேக்கக் கூடாது தெரசா. அதான் உத்தரவு" என்றார் மாதேஸ்வரன்.

அரூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு அவர் செயலாளர். எண்பத்தெட்டில் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த மறுமாதமே சம்பளம் போடும் புரோகிராம் விதைக் கணக்குக்குள் புகுந்து, குடோனில் இருந்த நிலக்கடலை மூட்டைகளை எல்லாம் வாட்ச்மேன் மாரியப்பனின் சம்பளமாகக் காட்டிவிட்டது. சென்னைத் தலைமை அலுவலகம் கொதித்துப்போய் உத்தரவு போட்டது. ஒவ்வொரு புரோகிராமும் தன் எல்லைக்குள்தான் நிற்க வேண்டும். அந்த எல்லையை மெஷினே காக்க வேண்டும். யார் சொன்னாலும் தளர்த்தக் கூடாது. தவறினால் மெஷின் சேலம் சங்கத்துக்குப் போய்விடும். மாதேஸ்வரனின் புரமோஷனும் கூடவே வண்டி ஏறிவிடும்.

"போரடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடு கட்டற மாதிரிங்க" என்றாள் ஆபரேட்டர் தெரசா.

"அதேதான். வெள்ளிக்கிழமை சென்னையில இருந்து ஆபீசர் வர்றாரு. முடிஞ்சிருமா?"

"பாக்கறேனுங்க சார்."

வெள்ளிக்கிழமை அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் வந்தார்.

"சம்பளப் புரோகிராம்கிட்ட விதை ஸ்டாக்கைத் திறக்கச் சொல்லுங்க."

தெரசா தட்டினாள். 'அனுமதி இல்லை' என்று திரையில் பச்சை எழுத்து மின்னியது.

"உரக் கணக்கு?"

அனுமதி இல்லை.

"செயலாளரே உத்தரவு போட்டா?"

மாதேஸ்வரன் தானே உட்கார்ந்து தட்டினார். அனுமதி இல்லை. தன் அதிகாரம் செல்லாமல் போனதற்கு ஒரு மனிதர் இவ்வளவு பூரித்துப்போனதை அந்த ஆபீஸ் அதுவரை கண்டதில்லை.

"சரி, சம்பளப் புரோகிராம் சம்பளத்தையாவது தொடுமா?"

அனுமதி இல்லை.

மாதேஸ்வரன் தெரசாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு உங்க ஆபீஸ்ல இருந்து உத்தரவு வரணுங்க" என்றாள் தெரசா, தலை நிமிராமல்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "கவர்ன்மென்ட் மெஷின்னா இப்படித்தான் இருக்கணும். எல்லா மாவட்டத்துக்கும் இதையே சிபாரிசு பண்றேன். ஒரு காப்பி எடுத்து அனுப்பிடுங்க."

ஜீப் கிளம்பியதும் மாதேஸ்வரன் திரும்ப ஓடிவந்தார். "மானத்தைக் காப்பாத்திட்டம்மா. இத்தனை எல்லையும் எப்படி வகுத்த?"

"எல்லை எதுவும் வகுக்கலீங்க சார். எல்லை போடற புரோகிராம் டேப்பே இன்னும் பெங்களூர்ல இருந்து வரலீங்க" என்றாள் தெரசா. "எதைத் தட்டினாலும் 'அனுமதி இல்லை'ன்னு காட்டச் சொல்லி எழுதிப் போட்டேன். இப்போதைக்கு மெஷினுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதாங்க."